பொம்பிளை ஏறும் கார்

தன்னுடைய காரில் ஒரு குறையும் இல்லை என்று பாலன் சொல்வான். கேட்பவர்கள் முதலில் சிரித்து முடிப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள்.

முரசுமோட்டையில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினும் தண்ணீர் மோட்டரும் திருத்துகிற பட்டறைக்காரன் அவன். கார் அவன் தொழில் அல்ல, பைத்தியம். காரின் கூடு முள்ளியவளையில் ஒரு மாமரத்தடியில் கிடந்த, ஏ-போட்டி என்கிற பழைய இங்கிலீஸ் காருடையது. அதன் பின்பக்கத்தில் ஒரு கோழி அடை கிடந்ததால், குஞ்சு பொரிக்கும்வரை தரமாட்டேன் என்று சொந்தக்காரி சொல்லிவிட்டாள். மூன்று கிழமை பொறுத்திருந்து ஏற்றி வந்தான். எஞ்சின் ஒரு மொறிஸ் மைனருடையது. தண்ணீர் ஆறுகிற றேடியேற்றர் ஒரு உழவு இயந்திரத்துடையது. பின் சீற் ஒரு பஸ்ஸில் இருந்து வந்தது. இடப்பக்கக் கதவைத் திறக்க அலுமாரிப் பிடி. இவ்வளவையும் ஒன்றாகச் சேர்த்து ஓடவைக்க மூன்று வருசம் எடுத்தது. ஆனால் ஓடியது. ஓடுமா என்று பந்தயம் கட்டியவர்கள்கூட ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள்.

பாலனுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா நேசமலரின் ஒரே மகள் சுமித்திராதான் அவனுக்குப் பிள்ளை. அவளுடைய கலியாணத்தன்று மணப்பொம்பிளையாக அவளைத் தன் காரில் ஏற்றி, முரசுமோட்டையில் இருந்து கிளிநொச்சி மண்டபம்வரை கொண்டுபோய் இறக்கவேண்டும். மூன்று வருசமாக அந்த மனுசன் விரலை நசுக்கிக்கொண்டது அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்காகத்தான். இது ஊருக்கே தெரியும். அதனால்தான் ஊர் சிரித்தது.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் கனடாவில் இருந்து ரஜிதன் வந்து இறங்கினான். சுமித்திராவின் சித்தப்பன், தகப்பனின் தம்பி. வெறும் கையோடு வரவில்லை. கொழும்பில் ஒரு கராச்சில் சொல்லிச் செய்வித்த காரோடு வந்தான். அதுவும் ஒரு ஏ-போட்டிதான், ஆனால் அதை அதன் சொந்தத் தாய்கூட அடையாளம் காணமாட்டாள். செக்கச் சிவப்பு. பக்கங்களில் நெருப்புச் சுவாலை கீறியிருந்தது. சில்லுகள் பருத்துப் பளபளத்தன. உள்ளே ஏசி. ஒரு பொத்தானை அமத்தினால் ஸ்ரார்ட். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது போல ஆயிற்று.

"பொம்பிளை இந்தக் காரிலதானே போறா?" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

"ஓம். வேற என்னத்துக்கு வாங்கினனான்?" என்றான் ரஜிதன்.

பாலனும் பார்க்க வந்தான். காரைச் சுற்றி மூன்று தரம் நடந்தான். குறை கண்டுபிடிக்கத்தான் நடந்தான். ஒன்றும் அகப்படவில்லை என்பது அவன் கோபத்தை இன்னும் கூட்டியது.

"எஞ்சினை ஒருக்காத் திறந்து காட்டும் பாப்பம், தம்பி."

ரஜிதன் முன்பக்கமாகப் போய்க் குனிந்தான், தடவினான், டாஷ்போட்டுக்குக் கீழே கையை விட்டான், பிறகு நிமிர்ந்தான். "அதை ஏன் திறப்பான், பாலண்ணை? எல்லாம் கராச்சில பாத்துத்தான் தந்தவங்கள்."

"எப்பிடித் திறக்கிறதெண்டு தெரியாது, என்ன?"

அன்றைக்குப் பாலன் வயிறாரச் சாப்பிட்டான்.

ஆனால் வழக்கு தீரவில்லை. தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா என்று ஒரு பக்கம், கடல் கடந்து வந்த சித்தப்பனை அவமதிக்கலாமா என்று மறுபக்கம். சுமித்திராவின் தகப்பன் எந்த வழக்கிலும் வாய் திறக்காத மனுசன், இதிலும் திறக்கவில்லை. சுமித்திரா இரண்டு பக்கமும் பார்த்தாள். "மாமா, உங்கட காரில அடியில ஓட்டை. சாறி எல்லாம் புழுதியாப் போகும். சித்தப்பா, உங்கட காரில நெருப்புப் படம். எனக்கு வெக்கமாக் கிடக்கு. அம்மா என்ன சொல்லுறாவோ அதில ஏறுறன்" என்று தப்பிக்கொண்டாள்.

நேசமலருக்கு ஒரே ஒரு பயம்தான். "வழியில கார் நிண்டால் முகூர்த்தம் போயிடும். வடிவும் வேண்டாம், உரிமையும் வேண்டாம். ரெண்டு பேரும் நாளைக்கு மாங்குளம் போயிட்டு வாங்கோ. எது வழியில நிக்காமல் வருதோ அதில பிள்ளை போகட்டும்."

"முறிகண்டியில நிக்கவேணுமே, அக்கா?"

"விசர்க் கதை கதைக்காத. முறிகண்டியில நிக்கிறது நிக்கிறதில சேராது."

ஏ-நைன் வீதியில் போகிறவன் கடவுள் இல்லை என்று சொல்லலாம், ஆனால் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும்போது நிற்காமல் போகமாட்டான். பஸ் நிற்கும், லொறி நிற்கும், அவசரத்தில் போகிற மாப்பிள்ளை வானும் நிற்கும். இறங்கி, ஒரு தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் எல்லோரும் ஏறுவார்கள்.

மறுநாள் காலை இரண்டு கார்களும் புறப்பட்டன. பரந்தன் சந்தி தாண்டுவதற்குள் சிவப்புக் கார் புள்ளியாகிவிட்டது. பாலன் தன் காரை அதட்டவில்லை. அது சூடேறினால் கோபிக்கும், கோபித்தால் தண்ணீர் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். கிளிநொச்சி தாண்டி, முறிகண்டிக்கு வந்து, எஞ்சினை ஓடவிட்டபடியே சில்லுக்கு ஒரு கல் வைத்துவிட்டு இறங்கினான். தேங்காய் உடைத்தான். ரஜிதனின் காரைத் தேடிப் பார்த்தான். காணவில்லை.

"சிவப்புக் கார் ஒண்டு வந்து போனதோ?" என்று கச்சான் விற்ற பெண்ணைக் கேட்டான்.

"போனது. நிக்கேல்லை" என்றாள் அவள், ஒரு மரணச் செய்தி சொல்கிற முகத்தோடு.

பாலன் ஒரு மைல் கட்டைத் தூரம்தான் போயிருப்பான். மரநிழல்கூட இல்லாத இடத்தில், சிவப்புக் கார் ஓரமாக நின்றது. ரஜிதன் வியர்த்து விறுவிறுத்து, முன்மூடியைத் திறக்கும் வழியைத் தேடி அதன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தான். பாலன் இறங்கி, கச்சான் சுற்றிய கடதாசிச் சரையை நீட்டினான்.

"முறிகண்டியில நிண்டனீரோ?"

ரஜிதனின் முகம் வெளுத்தது. இருபத்திரண்டு வருசமாகக் கனடாவில் காரோடியவன். அங்கே நெடுஞ்சாலையில் எந்தப் பிள்ளையாருக்கும் யாரும் நிற்பதில்லை. "மறந்துபோனன், பாலண்ணை. நூறில வந்தனான், கண்ணில படேல்லை."

மூடியைத் திறக்கும் கொளுக்கி எங்கே என்று பாலனுக்கு அன்றைக்கே தெரியும், மூன்று தரம் சுற்றியவன் அல்லவா. திறந்து ஒரு பார்வை பார்த்தான். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற கொயிலுக்குப் போகிற வயர் கழன்று தொங்கியது. ஒரு நிமிச வேலை. ஆனால் அந்த ஒரு நிமிசத்தை அப்படி இலேசில் கொடுக்க அவன் என்ன புத்தனா?

"முதல் பிள்ளையாரிட்டைப் போய்த் தேங்காய் உடையும். பேந்து பாப்பம்."

ரஜிதனைத் தன் காரில் ஏற்றித் திருப்பினான். பஸ் சீற்றில் இருந்தவன் முதலில் அலுமாரிப் பிடியைப் பார்த்தான். பிறகு காலடி ஓட்டைக்குள்ளால் தார் ரோட்டு ஓடுவதைப் பார்த்தான். பார்த்துச் சிரிக்கத் தொடங்கினான். பரிகாசம் இல்லை அது. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு.

"இதெல்லாம் நீங்களே செய்தனீங்களோ?"

"இல்லை, கோழி செய்தது" என்றான் பாலன்.

தேங்காய் உடைத்து வருவதற்குள் பாலனின் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. ஸ்ரார்ட் பண்ண முன்னால் ஒரு இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்றவேண்டும். ரஜிதன் தான் சுற்றுவதாக அடம்பிடித்தான்.

"பெருவிரலை உள்ளுக்கு மடிக்கக்கூடாது. அது திருப்பி அடிச்சால் விரல் போகும்."

மூன்று சுற்றில் எஞ்சின் பிடித்தது. ரஜிதன் ஹாண்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால் யானையைப் பிடித்துக் கட்டியவன் என்று நினைக்கலாம்.

சிவப்புக் காருக்குத் திரும்பியதும் பாலன் தொங்கிய வயரைக் காட்டினான். எடுத்து மாட்டப் போன கையை இழுத்துக்கொண்டான். "உம்மட கார். நீரே பூட்டும்." ரஜிதன் பூட்டினான். பொத்தானை அமத்தினான். எஞ்சின் உறுமியது. தன்னுடைய கறுத்த விரல்களை அவன் முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மாங்குளம் போய்த் திரும்பும் வழியெல்லாம், இந்தக் கதையை வீட்டில் எப்படிச் சொல்வது என்று பாலன் ஒத்திகை பார்த்தான். பரந்தனுக்கு வருகையில் ஏழு விதமாகச் சொல்லத் தயாராக இருந்தான். கச்சான்காரியின் முகத்தையும் செய்து காட்டுவதாக இருந்தான்.

"எது நிண்டது?" என்று வாசலிலேயே கேட்டாள் நேசமலர்.

பாலன் வாயைத் திறந்தான். அதற்குள் ரஜிதன் முந்திவிட்டான். "என்ர கார்தான் நிண்டது, அண்ணி. கொயில் வயர் கழண்டு போச்சு. நானே பூட்டினனான்." விரல்களையும் காட்டினான். தோற்றவன் இவ்வளவு சந்தோசமாகத் தோற்றதை முரசுமோட்டை கண்டதில்லை. பாலனுடைய ஏழு கதைகளும் வாய்க்குள்ளேயே வீணாகிப் போயின.

அடுத்த நாள் காலையே ரஜிதன் பட்டறையில் நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். திருகாணியைத் தொலைத்தான், ஒரு நல்ல போல்ட்டை முறித்தான், ஒவ்வொன்றையும் ஏன், எதற்கு என்று கேட்டான். காலடி ஓட்டையைத் தானே அடைப்பேன் என்று ஒரு தகரத்தை வெட்டி, கூடவே விரலையும் வெட்டிக்கொண்டான். பாலன் திட்டினான். ஆனால் அந்த மடையன் வராத ஒரு மத்தியானம் ரோட்டை இரண்டு தரம் எட்டிப் பார்த்தான். ஓட்டை அடைபட்டது. ஆணிகள் ஒன்றும் நேர்வரிசையில் இல்லை, ஆனால் புழுதி வராது. சுமித்திரா ஏறி இருந்து பார்த்துச் சரி என்றாள்.

கலியாணத்தன்று பாலன் விடியமுன்னமே எழும்பிக் காரைக் கழுவி, மாலை கட்டி, பட்டு வேட்டி உடுத்திக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். ரஜிதனும் பட்டு வேட்டியில், விரலில் பிளாஸ்ரரோடு, வாசல் மாமரத்தடியில் காத்திருந்தான்.

"பாலண்ணை, ஒண்டு கேக்கவேணும். உங்கட காரை நான் ஓடட்டோ?"

பாலனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. "எப்ப?"

"இப்ப. சுமியை ஏத்திக்கொண்டு."

"உமக்கென்ன, தலை பழுதே?"

"நான் கனடாவுக்கு வெளிக்கிடேக்க சுமிக்கு மூண்டு வயசு" என்றான் ரஜிதன். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். "காசு அனுப்பினன், சங்கிலி அனுப்பினன், போன் அனுப்பினன். எல்லாம் கடையில வாங்கினது. இவ்வளவு வருசத்தில என்ர கையால அவளுக்குச் செய்ததெண்டால் அந்தத் தகரத் துண்டு ஒண்டுதான், அண்ணை. அதுக்கு மேல அவளின்ர கால் கிடக்கும்."

பாலனுக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய நியாயம் இருந்தது. மூன்று வருசமும் மூன்று கிழமைக் கோழியும் அவனுடையவை, இவன் பத்து நாளைக்கு முன் வந்தவன். மாட்டேன் என்று சொல்லத்தான் நிமிர்ந்தான். ரஜிதனுடைய நகக்கண்களில் கிறீஸ் கறுப்பு இருந்தது. கலியாணத்துக்கென்று சவர்க்காரம் போட்டு உரஞ்சியும் போகாத கறுப்பு. அது எத்தனை நாளைக்குப் போகாது என்று பாலனுக்கு நன்றாகத் தெரியும்.

நெஞ்சு நொந்தது. இருந்தும் ஹாண்டிலை எடுத்து நீட்டினான்.

"பறந்தீரெண்டால் கொல்லுவன். நாப்பதுக்கு மேல போகப்படாது."

சுமித்திரா ஏறினாள். கூறைச் சேலையை ஒதுக்கித் தகரத்தின் மேல் காலை வைத்தாள். முகம் சுருங்கிப்போய் நின்ற மாமனைக் கண்டு, யன்னலுக்குள்ளால் கையை நீட்டி அவன் விரலை ஒரு கணம் பிடித்துவிட்டாள். கார் புறப்பட்டது.

மிச்சம் இருந்தவர்களைக் கொண்டுபோக மிச்சம் இருந்தது சிவப்புக் கார். அதை ஓடத் தெரிந்த ஆளும் பாலன் மட்டும்தான். முன்னுக்கு நேசமலர், பின்னுக்கு வாய் திறக்காத அத்தானும் தாம்பாளங்களும். சீற் மெத்தை மாதிரி இருந்தது. ஏசி குளிர்ந்தது. பாலனுக்கு எல்லாம் வேம்பாகக் கசந்தது.

பிறகு ரோட்டு வளைந்து நேரானது. இருபக்கமும் வயல். முன்னால் அவனுடைய கார் போய்க்கொண்டிருந்தது.

பாலன் அதைப் பார்த்தான். அந்தக் காரை அவன் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறான், கழற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறான், அடியில் படுத்துப் பார்த்திருக்கிறான். ஓடும்போது ஒருநாளும் பார்த்ததில்லை. ஓடும்போதெல்லாம் அவன் அதற்குள்ளேதான் இருந்தான். ஊர் முழுக்கப் பார்த்துச் சிரித்த காட்சியைச் செய்தவன் மட்டும் கண்டிருக்கவில்லை. பின் இடப்பக்கச் சில்லு கொஞ்சம் ஆடியது. மாலையின் ஒரு நுனி அவிழ்ந்து காற்றில் அடித்தது. மற்றப்படி அது நிமிர்ந்து, ஒரே சீராக, சூரியன் முதுகில் பட, வயல்களுக்கு நடுவால் போனது. தான் இவ்வளவு வடிவான ஒன்றைச் செய்திருப்பான் என்று அவன் வாய் சொல்லியிருக்கிறதே தவிர, அவன் நம்பியிருக்கவில்லை.

"அக்கா, வடிவாப் போகுது, என்ன?"

"ஓம், வடிவாத்தான் போகுது" என்றாள் நேசமலர், கண்ணைத் துடைத்தபடி. அவள் சொன்னது காரை அல்ல. "கொஞ்சம் கிட்டப் போவன், பாலன். பிள்ளையின்ர தலையாவது தெரியட்டும்."

"கிட்டப் போனால் கார் முழுசாத் தெரியாது, அக்கா" என்றான் பாலன்.

பின்னால் வந்த மாப்பிள்ளை வீட்டு வான் ஹோன் அடித்தது. அவன் விலகவில்லை, முந்தவும் இல்லை. கிளிநொச்சிவரை நாற்பதிலேயே போனான்.