நடுங்காத குரல்

ஐசலின் ஊர் இந்தியக் கடையில் மளிகை வாங்கிக்கொண்டு காரில் ஏறியதும் விசாலாக்ஷி கணவரிடம் கேட்டாள்.

"அச்சுதன் அப்பாவுக்கு எப்படி இருக்காம்?"

"ஐசியூலதான். திருச்சில."

"அப்புறம் ஏன் அவன் இன்னும் கிளம்பல?"

வாஞ்சிநாதன் காரைக் கிளப்பினார். அச்சுதன் அவர் டீமில் வேலை பார்ப்பவன். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பி வர அனுமதி கையில் இருந்தது. போகலாமா என்று வியாழக்கிழமை அவரிடம்தான் கேட்டான். அவர் உடனே ஒரு கதை சொன்னார். அவருடைய நண்பன் இதே அனுமதியோடு போய், திரும்பும்போது ஏர்போர்ட்டில் மாட்டி, வேலையே போய்விட்டதாம். அப்படி ஒரு நண்பனே கிடையாது. அடுத்த வாரம் சாஃப்ட்வேர் ரிலீஸ், அதற்கு அவன் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

பொய்யைவிட வேறொன்று அவரை உறுத்தியது. அந்தக் கதையைச் சொன்னபோது அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். நீங்கள் நீங்களாக இருந்தால் மனசு லேசாகும் என்று ஆபீஸ் பயிற்சியில் ஒரு அம்மாள் சொல்லியிருந்தார். மற்றவர்களிடம் அன்பாக இருப்பது வாஞ்சிநாதனுக்கு நடிப்பு. ஒருவனைப் பேசியே மடக்கும்போதுதான் அவர் அவராக இருந்தார், மனசும் லேசாகத்தான் இருந்தது.

சிக்னலில் நிற்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அடப்பாவி! உங்களுக்கு இருக்கற ஃப்ரெண்டே ரெண்டு பேரு. இதுல இல்லாதவன் வேறயா?" விசாலாக்ஷிக்குக் குரல் உடைந்தது. "இப்பவே போன் பண்ணுங்க."

"எனக்கு வெக்கமா இருக்கு விசாலம். ஆனா அவனுக்காக வருத்தம் வரல. வராம எப்படி சாரி சொல்றது?"

"உங்க வருத்தம் யாருக்கு வேணும்? அவன் போய் அப்பாவப் பாக்கணும்."

காரை ஓரமாக நிறுத்திப் போன் செய்தார்.

"அச்சுதா, அந்த ஃப்ரெண்டு கதை பொய். அப்படி யாருமே இல்ல. ரிலீசுக்கு நீ வேணும்னுதான் அப்படிச் சொன்னேன். வக்கீல்கிட்ட கேட்டுக்கோ, கிளம்பு. ரிலீஸ நான் பாத்துக்கறேன்."

"அப்பா நேத்துக்கூட என்னக் கேட்டாராம்ணா."

எந்த இடத்தில் குரலை நடுங்கவிட்டால் அவன் மன்னித்துவிடுவான் என்று வாஞ்சிநாதனுக்குத் தெரியும். தொண்டைவரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"தெரியும். என் தப்புதான்."

"இதச் சொல்றப்போகூட உங்க குரல்ல ஒண்ணுமே இல்லயேண்ணா." அச்சுதன் வைத்துவிட்டான்.

சாயங்காலம் விசாலாக்ஷிக்கு அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. வக்கீல் போகலாம் என்றுவிட்டார், ராத்திரி நெவார்க்கிலிருந்து ஃப்ளைட். அப்பா இன்னும் கண் திறந்து பார்க்கிறாராம்.

வாஞ்சிநாதன் கார் சாவியை எடுத்தார். "நான் டிராப் பண்றேன்."

"நீங்க வேணாம், நான் கொண்டு விடறேன்." விசாலாக்ஷி கையை நீட்டினாள். "ஏர்போர்ட் போறதுக்குள்ள அவன சமாதானப்படுத்திடுவீங்க. அவனே உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லிட்டு இறங்குவான்."

வழியில் பிஸ்கட்டவே என்ற ஊரைத் தாண்டுவதற்குள் என்ன சொல்வது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் மனதில் தயாராகிவிட்டிருந்தது. அதை நினைக்கும்போதே உடம்பில் அந்தச் சந்தோஷம் ஏறியதும் தெரிந்தது.

சாவியை அவள் கையில் வைத்தார்.