நேரம் குறிக்காத கடிதம்

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டால் ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஒருத்தர் ஃபோனை இன்னொருத்தர் எடுக்கமாட்டார். ஊரே வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் பறக்கும். அந்த நேரம் பார்த்து அலுவலக ஃபோன் அடித்தது. தஹானி வேண்டாவெறுப்பாக எடுத்தாள். எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிற்பாடு நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பேசியவன் பெயர் கைத். லாரி கம்பெனி முதலாளி ஹாஜி ஃபவ்வாஸின் மகன். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினான். அவன் தகப்பனாருக்கு அன்று இதய ஆபரேஷன். அம்மாவிடம் யாரும் மூச்சு விடவில்லை. அம்மாவின் இதயமும் பலவீனம்தான். அப்பா வேலையாக அகபா துறைமுகத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் அடக்கத்தைத் தள்ளிப்போட முடியாது. பெரிய குலம், அத்தனை பேருக்கும் உடனே தெரிந்தாக வேண்டும். அதனால் முந்தின நாள் இரவே கைத், கம்பெனி மின்னஞ்சலைக் கவனித்துக்கொள்ளும் ஏஐ உதவியாளரிடம் அப்பா இறந்துவிட்டதாக ஒரு மவுத் அறிவிப்பை எழுதவைத்து, சொல்லும்வரை வைத்திரு என்றிருந்தான். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது அந்த அறிவிப்பு இருப்பதே அவனுக்குக் கூசியது. அழிக்கலாமென்று வரைவுகளில் தேடினால் காணோம்.

"வெச்சிருக்கேன்னு நேத்து சொல்லுச்சு. இன்னிக்குத் தேடுனா இல்ல. எங்கதான் போச்சுக்கா?" என்றான்.

எங்கே என்று தஹானிக்குத் தெரிந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

தஹானியின் அலுவலகம் நடத்துவது மின்னஞ்சல் சேவை. ஏஐ உதவியாளர்கள் அதைப் பயன்படுத்துவதற்கென்று சில கருவிகள் உண்டு: அனுப்ப ஒன்று, நிறுத்திவைக்க ஒன்று, ரத்து செய்ய ஒன்று. உதவியாளருக்குத் திரை தெரியாது, பொத்தான் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் கீழே எழுதியிருக்கும் விளக்கம்தான் அதற்குக் கண். அந்த விளக்கங்களை எழுதியவள் தஹானி. நிறுத்திவைக்கும் கருவிக்கு அவள் எழுதியது இவ்வளவுதான்: கடிதத்தைப் பிறகு அனுப்ப வைத்திருக்கும்.

எழுதாமல் விட்டது வேறொன்று. நேரம் குறிக்காவிட்டால் அந்தக் கடிதம் தானாகப் போய்விடும். மற்ற மாதங்களில் மறுநாள் காலையில். ரமலானில் மட்டும், நோன்பு திறக்க மாலையில் சொல்லும் மஃரிப் பாங்கோடு. சாப்பிட்டுவிட்டு ஊரே ஃபோனும் கையுமாக உட்காரும் நேரம் அது என்று, விளம்பரம் அனுப்பும் கடைக்காரர்கள் கேட்டு வாங்கிய ஏற்பாடு. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்ததால்தான் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. வெளியிலிருந்து வருகிறவனுக்கு வீட்டுப் பழக்கம் எப்படித் தெரியும் என்று கேட்க அங்கே ஒரு புத்திசாலியும் இல்லை.

அந்த அறிவிப்பு யார் யாருக்குப் போகும் என்று கேட்டாள். குடும்பத்தில் எல்லோருக்கும் என்றான். பட்டியலில் முதல் பெயரே அம்மாவுடையதுதான். பேரன் பேத்தி படங்கள் பார்க்க, நோன்பு திறந்த கையோடு அவர் டேப்லெட்டை எடுத்துவிடுவாராம்.

தஹானி உண்மையை மறைக்கவில்லை. பாங்கு சொன்னதும் அது போய்விடும் என்று சொன்னாள்.

"அம்மா தாங்கமாட்டாங்கக்கா" என்றான் கைத்.

வாடிக்கையாளரின் பெட்டிக்குள் கைவைக்க இங்கே யாருக்கும் அனுமதியில்லை. அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களின் மொத்த வரிசையையும் நிறுத்தலாம். அந்த அதிகாரம் முதலாளி அபு கஸ்ஸானிடம் இருந்தது, அபு கஸ்ஸானோ ஏழாவது சர்க்கிள் ரவுண்டானா நெரிசலில் இருந்தார். அவர் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. மிச்சமிருந்தது அந்த உதவியாளர் மட்டும்தான். கடிதத்தை ரத்து செய்ய அதனிடம் சொல்லுங்கள் என்றாள். கைத் சொல்லிப் பார்த்துவிட்டு, வந்த பதிலைப் படித்துக் காட்டினான். வரைவுகளில் அப்படி எதுவும் இல்லை, ரத்து செய்ய ஒன்றுமில்லை என்றது அது.

அதன்மேல் தப்பில்லை. ரத்து செய்யும் கருவியின் கீழே 'வரைவை நீக்கும்' என்று எழுதியவளும் தஹானிதான். காத்திருக்கும் கடிதத்தையும் அது நிறுத்தும் என்று எழுதவில்லை.

பக்கத்து மேஜையில் முஃதஸ் புளி சர்பத்தைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தான். அவளோடு சேர்ந்து வேலை பழகியவன். பாதியிலேயே வைத்துவிட்டு வந்தான்.

"விளக்கத்த மாத்து. ஒவ்வொரு தடவையும் அது புதுசாத்தான் படிக்குது."

தஹானி அவசர அவசரமாக அடித்தாள். மிக மிக முக்கியம், உடனே ரத்து செய்யவும், தாமதித்தால் பெரும் விபரீதம். கைத் மறுபடி கேட்டான். எந்தக் கடிதம் என்று தெரியாமல் ரத்து செய்தால் தவறாகிவிடலாம், அதனால் எதையும் தொடவில்லை என்று பதில் வந்தது.

முஃதஸ் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் தஹானி அதப் போட்டு மிரட்டுற? முதல் நாள் வேலைக்கு வந்தவன்கிட்ட கத்துனா அவன் என்ன பண்ணுவான், மூலையில போய் நிப்பான். எது எங்க இருக்குன்னு சொல்லு."

சன்னலுக்கு வெளியே வெயில் மலையுச்சி வீடுகளில் மட்டும் மிச்சமிருந்தது. முகம் தெரியாத ஒரு பெண்மணி தட்டை எடுத்து வைத்து, பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி பாங்குக்காகக் காத்திருப்பது தஹானியின் கண்ணுக்குள் வந்தது. பயமாக இருந்தது. எழுதியதை எல்லாம் அழித்தாள்.

'அனுப்பக் காத்திருக்கும் கடிதத்தை நிரந்தரமாக நிறுத்தும். இத்தகைய கடிதங்கள் வரைவுகளில் இருக்காது. முதலில் காத்திருப்புப் பட்டியல் முழுவதையும் பார்க்கவும். நிறுத்த வேண்டிய கடிதத்தின் எண்ணைக் கொடுக்கவும். எது என்று சந்தேகம் இருந்தால் பயனரிடம் கேட்கவும். நிறுத்தினால் பெறுபவருக்கு எதுவும் தெரியவராது.'

"இப்ப கேளுங்க" என்றாள்.

கைத் கேட்டான். வந்த பதிலை வாய்க்குள்ளேயே படித்தான்.

"ரெண்டு இருக்குதாம்" என்றான், குரல் மாறிப்போய். "ஒண்ணு நான் எழுதச் சொன்னது. இன்னொண்ணு அப்பா எழுதினது. காலைல, ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி. அம்மாவுக்கு மட்டும். அவரும் நேரம் சொல்லல. எதை நிறுத்தட்டும்னு கேக்குது."

பழைய விளக்கமாக இருந்திருந்தால் இந்த இரண்டாவது கடிதம் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் தன் மனைவிக்கு எழுதியதை நிறுத்து என்றோ விடு என்றோ சொல்ல அவள் யார்?

"அது உங்க வீட்டு விஷயம். நான் சொல்ல முடியாது" என்றாள். "ஆனா நேரம் இல்ல தம்பி."

"நான் பிரிச்சுப் படிக்கலக்கா. படிக்கவும் மாட்டேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ரெண்டையும் நிறுத்தச் சொல்லிட்டேன். என்ன எழுதினாரோ, வீட்டுக்கு வந்து அவரே வாயால சொல்லட்டும்."

இரண்டும் நிறுத்தப்பட்டன என்று பதில் வந்ததை அவன் படித்து முடிக்கவில்லை, பாங்கு எழுந்தது. ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு என்று ஊர் முழுக்கப் பரவியது. தஹானி நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். முஃதஸ் சர்பத்தையும் பேரீச்சம்பழத்தையும் அவள் பக்கம் தள்ளினான்.

ஃபோனை வைக்கப் போனவள் மறுமுனையில் இன்னொரு ஃபோன் அடிப்பதைக் கேட்டாள். கைத் இதை அணைக்காமலே அதை எடுத்துவிட்டான்.

"நோன்பு தொறந்துட்டேம்மா... அப்பாவா? நல்லா இருக்காரும்மா. சத்தியமா நல்லா இருக்காரு."

காலையிலிருந்து அவன் அம்மாவிடம் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லாதது. தஹானி ஃபோனை மெதுவாக வைத்தாள். ஒரு மிடறு குடித்து நோன்பைத் திறந்துவிட்டு, நிறுத்திவைக்கும் கருவியின் விளக்கத்தை எடுத்து, இத்தனை நாள் இல்லாத அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். நேரம் குறிக்காவிட்டால் கடிதம் தானாகப் போய்விடும்.