பொய்ப் பெயருக்கு ஒரு பூ

மொன்றியலின் வடபுறத்துப் பூங்கா ஒன்றில், இனப்படுகொலையில் மாண்ட தம் மக்களின் நினைவாக ஆர்மீனியர் எழுப்பிய கற்சிற்பம் நிற்கிறது. ஏப்ரல் இருபத்துநான்காம் நாள் அதன்முன் ஒற்றை வெள்ளைப் பூவோடு நின்றாள் நிரஞ்சனி. சிறுவர் காப்பகத்தில் அவளோடு வேலைசெய்யும் ஆர்மீனியப் பெண் அனாஹித், நிரஞ்சனியின் தம்பிக்கும் ஒரு பூ வைக்குமாறு அழைத்திருந்தாள்.

தம்பி இரவிச்சந்திரன் இறுதிப் போரில் ஷெல் பட்டு இறந்தவன். மணலில் புதைத்த இடத்துக்கு அடையாளமில்லை. சென்ற மே மாதம் ஊரில் அவனுக்கு விளக்கேற்றிய தாயின் வீட்டுக்கு மறுநாளே புலனாய்வுக்காரர் இருவர் வந்து பெயர் எழுதிச் சென்றனர். அழுவதற்கும் அனுமதி கேட்கவேண்டிய நாடு அது. தம்பிக்கு வெளிச்சத்தில் ஒரு பூ, தாய்க்குத் தீங்கின்மை. இவ்விரண்டே அவள் வேண்டியவை.

கறுப்பு மேலங்கி அணிந்த ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு ஒவ்வொருவராக அணுகிப் பெயர் எழுதினார். பின்னால் ஒரு பெண் படமெடுத்தாள். டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் கணவன் ஞானேந்திரன் அவள் காதருகே குனிந்தான்.

"அந்தாளின்ர சப்பாத்தைப் பாரும். இந்த மினுக்கு மினுக்கிறவன் புலனாய்வுக்காரன்தான்."

"ஆர்மீனியன் எங்களை ஏனப்பா உளவு பாக்கிறான்?"

"பேர் எழுதுறவனுக்கு நாடு இல்லை. தம்பியின்ர உண்மைப் பேரைச் சொல்லிப்போடாதையும்."

அவள் சால்வையை மூக்குவரை இழுத்தாள். பூ யாருக்கென்று அம்மனிதர் பிரெஞ்சில் கேட்டார். ஏன் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பழக்கத்தைப் பிறந்த மண்ணிலேயே முறித்திருந்தார்கள். செல்வராசா என்றாள். அப்படி ஒருவரை அவள் அறியாள்.

அரைமணி கழிந்தது. அதே மனிதர் ஒலிவாங்கியின் முன் புத்தகத்தை விரித்தார். நூறாண்டுக்கு முன் மாண்ட ஆர்மீனியரின் பெயர்களை வாசித்தார். இடையிடையே விருந்தினர் தந்த பெயர்களையும். ஒவ்வொரு பெயருக்கும் உரியவர் சென்று சிற்பத்தின் அடியில் பூ வைத்தார்.

"செல்வராசா."

பிறந்திராத ஒருவனுக்காக இருநூறு தலைகள் குனிந்தன. தம்பியின் உயிரைப் பறித்தவர் எவரோ. பெயரைப் பறித்தவள் அவளே.

பேசாமல் பூவை வைத்துவிட்டு வரச்சொல்லி ஞானேந்திரன் அவள் கையைப் பற்றினான். படங்கள் எங்கே போகும் என்று இப்போதும் இருவருக்கும் தெரியாது.

"அம்மா அங்க ஒளிச்சோ விளக்குக் கொளுத்தினவ?" என்றாள் நிரஞ்சனி.

அவன் பிடியை விட்டான். அவள் ஒலிவாங்கியை நோக்கி நடந்தாள். பிழையான பெயர் தந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, சால்வையை இறக்கி, தம்பியின் முழுப் பெயரைச் சொன்னாள். அம்மனிதர் பழையதை வெட்டிவிட்டு எழுதினார். படக்கருவி அவள் முகத்தை நோக்கித் திரும்பியது. அவள் குனிந்து பூவை வைத்தாள்.