வாயில் வைக்காத குண்டூசி

தையல்காரிக்குக் கடைவாயில் பல் முளைத்தது. கைக்குழந்தைக்கு முளைத்தால் தெருவுக்கே சொல்லிச் சிரிக்கலாம். முப்பதைத் தாண்டியவளுக்கு முளைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளத்தான் தோன்றும். பாதிப் பல் எட்டிப் பார்த்துவிட்டு, மீதிக்கு ஈறைக் கிழித்துக்கொண்டிருந்தது. கன்னம் வீங்கி, வாய் பாதிதான் திறந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், கிராம்பை அடக்கிக்கொண்டாள், மாத்திரை போட்டாள். டாக்டரிடம் போ என்றால் மட்டும், "கவுன் முடியட்டும்" என்றாள்.

கவுன் அவள் மகளுக்கு. அவளை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடும் முன்பே எதற்கென்று கேட்டுவிடுவாள். பள்ளி விழாவில் முதல்முறையாகத் தனியாகப் பாடப் போகிறாள். அம்மா தைத்த கவுனைப் போட்டுக்கொண்டுதான் பாடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அம்மாவுக்கும் உள்ளூர அதே ஆசைதான். யார் யார் பிள்ளைகளுக்கோ தைத்த கை, தன் பிள்ளையை மேடையில் பார்க்க வேண்டாமா?

"ஞானப்பல் இப்பதான் முளைக்குதா? அப்ப இத்தனை நாளா எந்த அறிவை வச்சும்மா அளவெடுத்தே?" என்று தையல் கடையின் இஸ்திரிக்காரர் கிண்டலடித்தார். அவளால் முறைக்கத்தான் முடிந்தது.

எப்போதும் அவள் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வாள். துணியிலிருந்து எடுத்த ஊசி மறுபடி வாய்க்கே வந்துவிடும். எல்லாம் திரும்பியதா என்பது நாக்குக்குத் தெரியும். இந்த முறை உதட்டை இறுக்கினாலே வலி காதுவரை ஏறியது. ஊசிகளை ஒரு டப்பா மூடியில் போட்டு வைத்தாள். மூடிக்கு என்ன கணக்குத் தெரியும்?

விழா அன்று சாயங்காலம் கவுனை மாட்டிவிட்டாள். இடுப்பைச் சுற்றி அடுக்கடுக்காக மடிப்பு. பின்னால் கொக்கியைப் போடும்போது மகள் நெளிந்தாள்.

"அம்மா, இங்க என்னமோ..."

"வாயை மூடு!" அதைச் சொன்னதற்கே தாடை விண்ணென்று தெறித்தது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எப்பப் பாரு தொணதொணன்னு! எனக்குப் பல்வலி போற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது, சொல்லிட்டேன்."

வாயாடி வாயை மூடிக்கொண்டாள்.

மேடையில் அவள் நட்டு வைத்த கம்பு மாதிரி நின்றாள். வீட்டில் கணீரென்று பாடிய பாட்டுத்தான். ஆனால் மூச்சை இழுக்க வேண்டிய இடத்திலெல்லாம் குரல் அறுந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை, கடைசி வரி வரை பாடிவிட்டு, மெல்ல நடந்து இறங்கினாள்.

தாய்க்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தை வீடு வரும் வழியெல்லாம் குழந்தையின் தலையில் கொட்டினாள். பேச முடியாத வாய் திட்டுவதற்கு மட்டும் எப்படித்தான் திறந்ததோ! "மூச்சு விடக்கூடவா தெரியாது? இதுக்குத்தான் வலியோட உக்காந்து தச்சேனா?"

மகள் வயிற்றை எக்கிக்கொண்டு கூடவே நடந்தாள்.

வீட்டில் கவுனைக் கழற்றியபோது உள்பக்கத்தில் சிவப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. மடிப்பைத் தடவினாள், விரலில் குத்தியது. மூச்சை இழுத்தால் வயிறு வந்து முட்டும் இடத்தில், ஒரு குண்டூசி. குழந்தையின் தோலில் அதே இடத்தில் கீறல்கள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தும் அவளுக்குத் தெரியவில்லை. தன் வலியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாமல் இருந்துவிட்டாளே, பாவி.

"ஏண்டி சொல்லலை? டீச்சர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

மகள் அம்மாவின் வீங்கிய கன்னத்தையே பார்த்தாள்.

"பல்வலி போயிடுச்சாம்மா? இப்பப் பேசலாமா?"

வலி அப்படியேதான் இருந்தது. "போயிடுச்சு, பேசு" என்றாள் தாய்.

"டீச்சர்கிட்ட சொன்னா கவுனைக் கழட்டச் சொல்லுவாங்க. நீ தச்சதாச்சேம்மா."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டாள். தாய் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "இன்னும் பேசுடி, இன்னும் ஏதாவது பேசு" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.