வெட்டாத குழாய்

"நாலே நாலு ஓட்டை. தழும்புகூடத் தெரியாது. பத்து நாள்ல வேலைக்குப் போயிடலாம்" என்று நான்தான் அவளிடம் சொன்னேன். பித்தப்பையில் கல். தினமும் செய்கிற ஆபரேஷன்தானே என்று வாய் தன்பாட்டுக்குப் பேசிவிட்டது.

அவள் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறவள். பத்து நாளுக்கு மேல் அவளுடைய இடத்தை வைத்திருக்க மாட்டார்களாம்.

"கிழிச்சிடாதீங்க டாக்டர். வயித்தைக் கிழிச்சா ரெண்டு மாசம் பாரமே தூக்கக்கூடாதுங்கறாங்க. எனக்கு வேற வேலை தெரியாது."

"சும்மா இருடி, அவருக்குத் தெரியாதா?" என்று கூட வந்திருந்த அக்கா அதட்டினாள். எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வயிற்றை வாயுவால் உப்பவைத்து, கேமராவை இறக்கிப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பித்தப்பையே கண்ணில் படவில்லை. கொழுப்பும் குடலும் அதன்மேல் அப்பிக்கிடந்தன. மாதக்கணக்கில் வலியை மாத்திரையால் அமுக்கிக்கொண்டு பெட்டி தூக்கியிருக்கிறாள், என்னிடம் மூச்சுவிடவில்லை. பொறுமையாகப் பிரித்துக்கொண்டே போனேன். ஒரு வழியாக ஒரு குழாய் தெரிந்தது.

"இதுதான் சார். கிளிப் போட்டு வெட்டிடலாமா?" என்றார் உதவி டாக்டர்.

பார்த்தால் அதுதான் போலிருந்தது. பித்தப்பைக்குப் போகிற சின்னக் குழாயை வெட்டத்தான் வேண்டும். ஆனால் பக்கத்திலேயே ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் இருக்கிறது. தவறிப்போய் அதை வெட்டிவிட்டால் ஆயுளுக்கும் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான். வீக்கத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டால் எப்பேர்ப்பட்ட கொம்பனுக்கும் எது எதுவென்று தெரியாது.

"பைக்குள்ள போறது ஒரு குழாய், ஒரு ரத்தநாளம். அந்த ரெண்டையும் தனித்தனியா எனக்குக் காட்டுங்க, வெட்டறேன்" என்றேன். அவரால் காட்ட முடியவில்லை. என்னாலும்தான்.

"உங்களுக்கு ஓட்டையை விட்டுட்டு வயித்தைத் திறக்க மனசே வராதே" என்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா சீண்டினார். வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தப் பெண் கெஞ்சியதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து ஆபரேஷன் தியேட்டர் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

கேமராவை வெளியே எடுத்துவிட்டு, வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தேன். திறந்து பார்த்தும் அந்த இடம் பிடிபடவில்லை. பையின் பெரும்பகுதியை அறுத்து எடுத்து, கற்களைத் துடைத்து, அடியைத் தைத்து மூடினேன். அந்தக் குழாயைத் தொடவே இல்லை. அது எந்தக் குழாய் என்று கடைசிவரை எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

மறுநாள் வார்டுக்குள் நுழைந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "நாலு ஓட்டைன்னு வாய் கூசாம சொன்னீங்களே! ரெண்டு மாசம் ஆகும்னதுமே கிடங்குல வேற ஆளைப் போட்டுட்டாங்க. இனிமே யாரு சோறு போடுவா இவளுக்கு?"

நடந்ததைச் சொன்னேன். படுத்திருந்தவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அந்தக் குழாயை வெட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"அது பெரிய குழாயா இருந்தா உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். சின்னதா இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"அது எது?"

"தெரியலைம்மா."

"அப்ப, ஒண்ணுமே ஆகாமலும் இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

அக்கா மறுபடியும் பேச வாயெடுத்தாள். படுத்திருந்தவள் அவளைக் கையமர்த்தினாள். கண் நிறைந்துவிட்டது.

"'நிச்சயமா உன் உசிரே போயிருக்கும்'னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா டாக்டர்? வேலை போனா போகுதுன்னு மனசைத் தேத்திக்கிட்டிருப்பேனே."