சோப்புக் கை

கடைக்குள் நுழைந்ததுமே அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கமோடுகளுக்கு நடுவே மனிதர்கள் இவ்வளவு பயபக்தியோடு நடமாடுவதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. வரிசையாக நாற்பது பீங்கான்கள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு விளக்கு. கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் அவற்றைத் தான் பெற்ற பிள்ளைகளைப் போலத் தடவித் தடவி அறிமுகப்படுத்தினார்.

வீட்டில் ஒரு குழாய் ஒழுகியது. அதற்கு ஒரு வாஷர் போதும். ஆனால் அக்காவின் திட்டம் பெரியது. தம்பியின் மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. முப்பத்தொரு வயதில் ஒருவன் இப்படியே உட்கார்ந்திருக்கக் கூடாது. நாளைக்கு ஒருத்தி வந்து எட்டிப் பார்த்தால் வீடு வீடாக இருக்க வேண்டும், முக்கியமாகக் குளியலறை. அப்புறம், வீட்டில் ஒருவர் இருக்கக் கூடாது. அந்த ஒருவர் அவனுடைய மாமனார்.

வலது கையும் காலும் இழுத்துக்கொண்டபோது மகள் வீட்டுக்கு வந்தவர் அவர். மகள் போன பிறகும் அங்கேயே இருந்தார். வெளியூரில் இருக்கும் மச்சானுக்கு அக்கா போன் போட்டு, அப்பாவை வந்து அழைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். மச்சான் ‘பாக்கலாம்’ என்றாராம். அந்தப் ‘பாக்கலாம்’ எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது பெற்றவருக்குத் தெரியும். தெரிந்தும் பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டார்.

பெட்டி கட்டியதற்கு அக்கா மட்டும் காரணமில்லை. கமோடிலிருந்து எழுந்திருக்க அவருக்கு ஒரு பிடிமானம் வேண்டும். மகள் இருந்தவரை கதவுக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் உள்ளே நீட்டுவாள். அதன் பிறகு மாப்பிள்ளை நீட்டினான். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொள்வார்கள். அவனைக் கூப்பிடக் கூசி, மாமனார் தண்ணீர் குடிப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். போன மாதம் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்தார். என்ன காரணம் என்று டாக்டர் கேட்டபோது இருவரும் வாயைத் திறக்கவில்லை.

இதை அக்காவிடம் சொன்னால், அதற்காகத்தான் மகன் வீட்டுக்குப் போகட்டும் என்கிறேன் என்பாள். அவன் சொல்லவில்லை. குளியலறையிலிருந்து சோப்புத் துண்டு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குக் கிளம்பியிருந்தான்.

விற்பனையாளர் உருண்டையான கறுப்புக் குழாய் ஒன்றைக் காட்டினார். தண்ணீர் அருவி மாதிரி விழுமாம். முகம் கழுவுகிறவனுக்கு அருவி எதற்கு என்பதை அவர் விளக்கவில்லை. அடுத்து மேசை மேல் கவிழ்க்காமல் வைத்த கண்ணாடிக் கிண்ணம். அதுதான் வாஷ்பேசினாம். அக்கா சொக்கிப்போய் நின்றாள். கையில் அரிசியைக் கொடுத்திருந்தால் அங்கேயே களைந்திருப்பாள்.

அவன் கொஞ்சம் தண்ணீர் கேட்டான். விற்பனையாளர் திருதிருவென்று விழித்தார். முந்நூறு குழாய்கள் இருந்த அந்தக் கடையில் திறந்தால் தண்ணீர் வருகிற குழாய் ஒன்றுகூட இல்லை. அவன் தன் பையிலிருந்த குடிநீர் பாட்டிலைத் திறந்து இடது கையை நனைத்தான், சோப்பைக் குழைத்தான். பிறகு வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு இடது கையால் அருவியைத் திறந்து பார்த்தான். வழுக்கியது. அடுத்தது வைரம் போலப் பட்டை தீட்டியது. அதுவும் வழுக்கியது. விற்பனையாளர் துணியோடு பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தார். பதினாறு குழாய்கள். எல்லாம் பல்லிளித்தன. சோப்புப் போட்ட கையோடு யாரும் குழாயைத் தொடமாட்டார்கள் என்று நினைத்து எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். குளிக்காதவனாக இருப்பான்.

பிறகு அவன் நாற்பது கமோடுகளில் நடுநாயகமாக இருந்ததில் உட்கார்ந்தான்.

பக்கத்தில் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். இடது கையை மட்டும் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். ஊன்ற இடமில்லை. கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்தான். கிண்ணம் அவனோடு வரச் சம்மதித்தது. விற்பனையாளர் பதறிப்போய் அதைப் பற்றிக்கொண்டு, பக்கத்துச் சுவரில் இருந்த டவல் ராடைக் காட்டினார். அதையே பிடித்துக்கொள்ளலாம், யானை இழுத்தாலும் அசையாது என்றார். அவன் பிடித்து இழுத்தான். இரண்டு திருகாணிகளும் உள்ளங்கை அகலத்துக்குப் பிளைவுட்டும் கம்பியோடு கையில் வந்தன. சுவரே அட்டைதான். அவன் கம்பியும் கையுமாக மறுபடி கமோடில் விழுந்தான்.

“மானத்தை வாங்காதடா. எழுந்திரு,” என்றாள் அக்கா.

“எழுந்திருக்கத்தான்க்கா முடியல.”

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பைக்குள் கிடந்த அவன் வலது கையைப் பார்த்தாள்.

“அவருக்காகவா இவ்வளவும்? அவளே போயிட்டா. இனிமே அவரு உனக்கு யாருடா?”

“மாமனார்தான். அதை யாரும் மாத்தலையே.”

அக்கா டைல்ஸ் பக்கம் நகர்ந்துவிட்டாள். தனக்கு என்ன வேண்டும் என்பதை அவன் சொன்னான். விற்பனையாளர் அதெல்லாம் ஆஸ்பத்திரிச் சாமான் என்றார், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல. கடைசியில் கிடங்கிலிருந்து தூசி தட்டிக் கொண்டுவந்தார். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் பொருத்தும் தடித்த எஃகுக் கம்பி ஒன்று. வாத்துக் கழுத்து நீளத்துக்குப் பிடி வைத்த குழாய் ஒன்று. சோப்பு வழிந்த முழங்கையால் அவன் அதை இடித்தான். திரும்பியது. கடையிலேயே உருப்படியான சாமான் அவை இரண்டும்தான். அவற்றைத்தான் ஒளித்து வைத்திருந்தார்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டும் அக்காவின் இஷ்டத்துக்கு விட்டான். சுற்றிலும் விளக்கு எரியும் ஒன்றை அவள் கோபத்தோடு எடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பிளம்பர் வந்தார். டேப்பால் அளந்து கம்பி பொருத்துவது அவர் வழக்கமில்லை. உபயோகிக்கிறவர் உடுத்திய துணியோடு உட்கார்ந்து காட்ட வேண்டும், கை எட்டும் இடத்தில் பென்சிலால் குறிப்பார். மாமனாரைக் கூப்பிட்டார். ஊருக்குப் போகிறவனுக்கு அளவு எதற்கு என்று மாமனார் கட்டிலை விட்டு நகரவில்லை.

“நீங்க போங்க, இல்ல இருங்க. எனக்கு ஒரு அளவு வேணும். வந்து உக்காருங்க பெரியவரே.”

வந்தார். உட்கார்ந்தார். ஒடுக்கமான அறை, இரண்டு பக்கமும் சுவர். எந்தப் பக்கம் என்று பிளம்பர் கேட்டார். வாசலில் நின்ற அவன் சட்டென்று வலது கையைத் தூக்கி, “வலப்பக்கம்,” என்றான். பிளம்பர் மாமனாரின் வலப்பக்கச் சுவரில் கோடு போட்டார். டிரில்லை எடுத்தார்.

மாமனார் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் கம்பி அவருக்கு உதவாத அந்தப் பக்கமே ஏறிவிடும், அவரும் ஊருக்குப் போய்விடலாம். டிரில் ஒரு முறை உறுமி நின்றது.

“மாப்பிள்ளை,” என்றார். “கடையையே இடது கையால பொறட்டிப் போட்டீங்களாம். உங்க அக்கா சொல்லிச்சு. இப்ப கம்பி மட்டும் எதுக்கு உங்க கைக்கு?”

அவனுக்குக் காது சுட்டது. கடையில் அத்தனை பேரையும் முட்டாள் என்று நினைத்தது ஞாபகம் வந்தது.

பிளம்பர் எச்சிலைத் தொட்டுக் கோட்டை அழித்தார். இடப்பக்கம் போய்ப் புதிதாகப் போட்டார். மாமனார் இடது கையை நீட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சாண் கீழே வேண்டும் என்றார். அழித்துப் போட்ட பிறகு, அரை சாண் மேலே வேண்டும் என்றார். பிளம்பர் முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது கோட்டைப் போட்டார்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மாமனார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். யாரையும் கூப்பிடாமல் வெளியே வந்தார்.

“பாக்கச் சகிக்கல,” என்றார்.

“ஆமா மாமா.”

“குடிக்கத் தண்ணி குடுங்க. பெரிய டம்ளர்ல.”