நாற்பத்தொன்றாம் பிரதி

கடற்காகம் ஓட்டும் பேருந்தின் விலை நாலாயிரம் பவுண்டு. பின்னால் நாலு மந்திரிகள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அவர்களுக்குத் தனி விலை கிடையாது, படத்தோடு இலவசம். ராவோடு ராவாகப் பிரிஸ்டல் நகரச் சுவர்களில் சாயம் தெளித்துவிட்டு மறையும் சாக்பீஸ் என்ற ஓவியன், அந்தச் சுவர்ப்படத்தைக் காகிதத்தில் நூற்றைம்பதே பிரதி அச்சடித்து, மூலையில் பென்சிலால் எண் போட்டு, கையெழுத்திட்டு விற்றிருந்தான்.

அதே ஊரில் பெட்மின்ஸ்டரில் கம்பளக் கடை வைத்திருக்கும் லயனல் டோவிக்கு அதில் நாற்பத்தொன்றாம் பிரதிதான் வேண்டும். கடற்காக வரிசையில் மொத்தம் நாலு படம். மூன்று அவரிடம் இருந்தன. மூன்றிலும் எண் நாற்பத்தொன்று. ஒரே எண்ணில் நாலும் சேர்ந்தால்தான் சேகரிப்பவர்கள் நடுவே மரியாதை. மாப்பிள்ளைக்குப் பெண் தேடுகிறவர்கள்கூட ஒன்றிரண்டு பொருத்தத்தை விட்டுக்கொடுப்பார்கள். மனைவியை இழந்து தனியாக இருந்த லயனல், ஒன்பது வருஷமாக விட்டுக்கொடுக்காமல் தேடினார்.

கடைசியில் அது நோல் மேட்டில், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் மேவிஸ் கிட்லியிடம் இருப்பதாகத் துப்பு கிடைத்தது. பிடித்த சரக்கை ஆசையாகப் பார்த்தால் விலை ஏறும் என்பது கடைக்காரருக்குத் தெரியாதா? முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவள் வீட்டில் தேநீர் குடித்தார். மேவிஸ் உள்ளே போய்ப் படத்தைக் கொண்டுவந்தாள். அந்த உம்மணாமூஞ்சி அப்படியே உதிர்ந்தது.

சுவர்க்காகிதம் ஒட்டும் பசையால் பலகையில் ஒட்டி, கம்பு வைத்து ஆணி அடித்துத் தட்டியாக்கியிருந்தாள். ஒரு ஆணி ஒரு மந்திரியின் தொந்தியிலேயே இறங்கியிருந்தது. மூலையில் எண் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

"ஆணியா அடிச்சீங்க?"

"பின்ன? வெறுங்கையால பிடிச்சா காத்துல போயிடாதா, கண்ணு?" பேருந்தில் ஏறிய ஊரே அவளுக்குக் கண்ணுதான்.

ஆஸ்பத்திரி வழியாகப் போன பேருந்தை நிறுத்திவிட்டார்களாம். அதைத் திரும்ப ஓடவிடச் சொல்லி, அக்கம்பக்கத்தாரோடு சனிக்கிழமைதோறும் நகரமன்றப் புல்வெளியில் இந்தத் தட்டியோடு நிற்கிறாளாம். லயனல் ஐந்நூறில் ஆரம்பித்து ஆயிரம் வரை ஏறினார். அவள் இரண்டாவது பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். ஆணி படாத தன் படங்களில் ஒன்றைப் பதிலுக்குத் தருவதாகச் சொன்னார்.

"குடுங்க. ஆணி நிறையக் கெடக்கு."

லயனல் அவசரமாகத் தேநீர்க் கோப்பையைக் கையிலெடுத்தார்.

"பஸ் திரும்பி வரட்டும், காசில்லாமலே எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள். "அதுவரைக்கும் இது வேலைக்குப் போயாகணும்."

அந்தச் சனிக்கிழமை தூறியது. கடையில் இருப்புக்கொள்ளாமல், பெரிய குடையோடு புல்வெளிக்குப் போனார். போனவர் குடையைத் தட்டிக்கு மேலே பிடித்தார். தட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவள் தொப்பலாக நனைந்தாள்.

"கீழ ஒரு பொம்பளை நிக்கிறது தெரியலையா, கண்ணு?"

"நீங்க துவட்டினா காஞ்சிடுவீங்க. அது காயாதே."

மேவிஸ் சிரித்த சிரிப்பில் தட்டியே ஆடியது. அடுத்த வாரம் இரண்டு குடை கொண்டுபோனார். அதற்கடுத்த வாரங்களில் ஒன்றே போதும் என்றாகிவிட்டது. இலையுதிர்காலத்தில் ஒருநாள், கடைசி மந்திரியின் முகம் கரைந்து ஒழுகுவதை யாரோ காட்டினார்கள். அப்போதுதான் குடை முழுக்க மேவிஸின் பக்கம் சாய்ந்திருப்பதை லயனல் கவனித்தார். ஆனால் நிமிர்த்தவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நகரமன்றம் இறங்கிவந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை பேருந்து ஓடும். மறுநாளே மேவிஸ் தட்டியைத் தோளில் போட்டுக் கடைக்கு வந்து, சுருட்டி வைத்த கம்பளங்கள்மேல் சாத்தினாள்.

"சொன்ன சொல்லு. எடுத்துக்கங்க."

இத்தனை வருஷத் தேடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. லயனல் அதைத் தொடவில்லை. சொத்தைச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"முழு பஸ்ஸுக்குத்தான் முழுப் படம்னு பேச்சு. சனி, ஞாயிறு பஸ் எங்க? அரைகுறை சரக்குக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மேவிஸ் தட்டியின் கம்பில் கைவைத்தாள். "அப்ப சனிக்கிழமை மறுபடியும் நிக்கணுங்கிறீங்க."

"வேற வழி?"

தட்டியை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு அவள் போனாள். ஆக, வரவு: ஐந்து நாள் பேருந்து. நிலுவை: இரண்டு நாள் பேருந்து, ஒரு படம். வசூலிக்க அவசரமில்லை.